எதிர் வரிசையிலும் அதே எழுத்துகள்

உயர்தர உயிரியலில் ஒரேயொரு பாடத்தை மட்டும் நான் கரும்பலகையில் எழுதி நடத்துவதில்லை. மேசைகளைச் சுவரோரம் தள்ளச் சொல்லிவிட்டு, ஆறு பிள்ளைகளை ஒரு வரிசையிலும் இன்னும் ஆறு பேரை அவர்களுக்கு முகம் பார்த்தும் நிறுத்துவேன். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் எழுத்து அட்டை தொங்கும். ஏ என்ற எழுத்துக்கு எதிரே டி நிற்க வேண்டும், ஜி என்ற எழுத்துக்கு எதிரே சி. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் இப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று சொன்னவுடன் பையன்கள் கைகோக்கத் தயாராவார்கள். “ஒருத்தரும் கையப் புடிக்க வேணாம், சும்மா நின்னாப் போதும்” என்று ஓர் அதட்டல் போடுவேன். மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைகோத்தால் மத்தியானத்துக்குள் கடைவீதி முழுக்கச் செய்தி போய்விடும்.

முதல் வரிசை தன் இடதுகைப் பக்கத்து ஓரத்திலிருந்து எழுத்துகளைச் சத்தமாகச் சொல்லும். ஜி, ஏ, ஏ, டி, டி, சி. அடுத்து எதிர் வரிசை, அதுவும் தன் இடதுகைப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சொல்லும். ஜி, ஏ, ஏ, டி, டி, சி. அப்போது வகுப்பில் ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதிக்காகத்தான் மேசைகளைத் தள்ளச் சொல்கிறேன்.

உடனே எவனாவது ஒருவன் கேட்பான். “விகடகவி மாதிரியா மிஸ்?” ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் எனக்குக் கோபம் வருகிறது. விகடகவியை ஒரே ஆள் முன்னும் பின்னும் வாசித்துவிடலாம். இங்கே அது நடக்காது. முதல் வரிசையை மட்டும் திருப்பி வாசித்தால் சி, டி, டி, ஏ, ஏ, ஜி என்று வேறெதுவோ வரும். ஓர் இழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றுமே தெரியாது. எதிரே நிற்பவரையும் அவர் பக்கத்திலிருந்து வாசித்தால்தான் இரண்டிலும் ஒன்றே எழுதியிருப்பது தெரியும்.

இந்த இடத்தைத் தேடித்தான் வெட்டு நொதியம் வருகிறது. பாக்டீரியா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கத்தரிக்கோல் அது. வெளியிலிருந்து வைரஸ் ஒன்று தன் டி.என்.ஏ.யை உள்ளே தள்ளினால் அதைத் துண்டு துண்டாக்குவது அதன் வேலை. இந்த வகையில் பல நொதியங்கள் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாதிகள் சேர்ந்தவை. இழைமேல் வழுக்கிக்கொண்டே போகும்போது, ஒரு பாதி ஓர் இழையையும் மற்றப் பாதி எதிர் இழையையும் தடவிப் பார்க்கும். கண் இல்லாத பொருள், எழுத்துகளின் ஓரங்களைத் தொட்டுத்தான் அறிகிறது. இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி என்பதால், இரண்டுக்கும் ஒரே சொல் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆறு எழுத்தும் சரியாக இருந்தால் அப்படியே இறுக்கிப் பிடித்து இரண்டு இழைகளையும் வெட்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிடி இறுகாது, வெட்டாமல் நகர்ந்துவிடும். பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.யிலும் அதே ஆறு எழுத்துகள் இருக்குமே, அதை ஏன் வெட்டுவதில்லை என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். தன்னுடைய எழுத்துகளுக்கு அது முன்கூட்டியே சின்னதாக ஒரு பொட்டு வைத்துவிடும். பொட்டு வைத்த இடத்தை நொதியம் தொடாது.

இப்படி நடத்தும் முறையை எனக்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எனக்கும் மச்சானுக்கும் நடுவில் வந்தது அது.

மச்சான் என்றால் என் அம்மாவின் அண்ணன் மகன். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. லீவு கிடைத்தால் நேரே வீட்டுக்குப் போகாமல் அலுவிகாரையில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, அங்கே எங்கள் வீட்டில் பாலில்லாத ஒரு பிளேன்டி குடித்துவிட்டுத்தான் போவார். அவருக்கு நான், எனக்கு அவர் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை. சோறு சாப்பிடுவதை யாராவது சொல்லித் தருகிறார்களா, அதுபோலத்தான். எங்கள் குடும்பத்தில் மாமன் மகனும் அத்தை மகளும் கட்டுவது வழக்கம். நாங்கள் கத்தோலிக்கர். இவ்வளவு நெருங்கிய சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். என் அம்மாவும் அப்பாவும் வாங்கினார்கள், மாமாவும் மாமியும் வாங்கினார்கள். எங்களுக்கும் கேட்டவுடன் வந்துவிட்டது.

ஒரு நாள் நான் அட்டைகளில் எழுத்து எழுதி மேசையில் பரப்பிக்கொண்டிருந்தேன். மச்சான் எதிர்ப்பக்கக் கதிரையில் வந்து உட்கார்ந்து, அவர் பக்கத்து வரிசையை அவர் பார்க்கும்படி திருப்பி வைத்தார். நான் என் வரிசையை வாசிக்கத் தொடங்க, அவரும் கூடவே வாசித்தார். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே எழுத்துகள் ஒரே நேரத்தில் வந்தன. நான் ஆச்சரியப்பட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

“என்னா பாக்குற? நா ஒன்னப் பாத்து காப்பி அடிக்கல,” என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே பரிதாபமாக இருக்கிறது.

கலியாணத்துக்கு நாள் குறித்த பிறகுதான் என் இரத்தத்தைப் பற்றிய பேச்சு வந்தது. சின்ன வயதிலிருந்தே நான் கொஞ்சம் வெளிறிய ஆள். இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் தேறாத உடம்பு. பள்ளிக்கூடத்தில் இரத்ததான முகாம் நடந்தபோது, டீச்சர்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று வீறாப்பாகப் போய் நின்றேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு எடுக்க மாட்டோம் என்றார்கள். அங்கிருந்த டாக்டர், இரும்புக் குறைவு மட்டும்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்தேன். தலசீமியா என்கிற பரம்பரை இரத்த நோயைச் சுமக்கிற ஆள் நான் என்று வந்தது. எனக்கு அதனால் ஒன்றும் ஆகாது, கொஞ்சம் வெளிறியே இருப்பேன், அவ்வளவுதான். கட்டிக்கொள்பவரும் அதைச் சுமந்தால்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து.

மச்சானிடம் நீங்களும் பாருங்கள் என்றதும் சிரித்தார். “வெள்ளக்காரனோட பெட்டிய ரெண்டு கையிலயும் தூக்கிட்டு மூணாவது மாடிக்கு ஏறுறவன் நா. எனக்கா நோய்?” என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து இரத்தம் கொடுத்தார். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணம் வைக்க மாட்டார்கள் என்பதால், முடிவு வருமுன்னே, மூன்று ஞாயிறு வாசிக்கிற கலியாண ஓலையை முதல் ஞாயிறு வாசித்தாயிற்று. பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் எங்கள் இருவர் பெயரையும் சொல்லி, இவர்களுக்குள் ஏதும் விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் வந்து தெரிவிக்கவும் என்றார். எல்லோர் ஓலைக்கும் சொல்வதுதான். எனக்குப் பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் என் முதுகைத் தட்டிக் கிண்டல் செய்தார்கள்.

அந்த வாரம் நாங்கள் இருவரும் பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் பேசினார். மச்சானும் சுமக்கிறார். கொழும்புக்கு அனுப்பிப் பார்த்ததில் இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருக்கிறது. எங்களுக்குப் பொதுவான தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ ஒரு பிழை அம்மா வழியாக எனக்கும் மாமா வழியாக அவருக்கும் வந்திருக்க வேண்டும். இப்படி ஓர் எழுத்து மாறும்போது சில வேளை ஒரு வெட்டு நொதியத்தின் இடம் அழிந்துபோகும். வெட்ட வேண்டிய துண்டு வெட்டுப்படாமல் நீளமாக நிற்பதை வைத்தே பிழையைக் கண்டுபிடிப்பார்கள். இதையும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் இரத்தத்தை எந்த முறையில் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நொதியத்தைப் பற்றி விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

“ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து,” என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். இரண்டு பக்கமிருந்தும் அதே பிழையை வாங்கிக்கொண்டு பிறக்கிற பிள்ளைக்குத்தான் நோய். வயிற்றில் இருக்கும்போதே பார்க்கலாம். பார்த்து, இருக்கிறது என்று தெரிந்தால், அதற்குப் பிறகு செய்ய இந்த நாட்டுச் சட்டத்திலும் ஒன்றுமில்லை, எங்கள் கோயிலிலும் ஒன்றுமில்லை. வேறு வழிகள் இருப்பதாகவும் சொன்னார். அவை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை.

வெளியே வரும்போது, அந்த நோயோடு பிறந்து மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிற பிள்ளைகளின் வார்டைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு பெண் பிள்ளை ஒரு கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருக்க, மறு கையால் கணக்கு செய்துகொண்டிருந்தாள். வயது பத்து இருக்கலாம், ஆறு வயது உடம்பு. மச்சான் நின்றுவிட்டார். அவள் ஏதோ ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு முழித்தாள். இவர் கட்டில் ஓரத்தில் குந்திக்கொண்டு, சிங்களத்தில் அவளிடம் கதை கொடுத்தபடியே அதைச் செய்து காட்டினார். தாதி மிஸி வந்து கட்டிலை விட்டு எழும்பச் சொல்லும்வரை அவர் எழும்பவில்லை. அந்தப் பிள்ளை இவரை மாமா என்று கூப்பிட்டுக் கையாட்டி அனுப்பியது.

பஸ் ஏறி டிக்கெட் எடுத்தோம். பிறகு அவர்தான் தொடங்கினார்.

“நாலுல மூணு நல்லாத்தானே இருக்கும்?”

“நாலாவது ஒங்க மடியில வந்து படுத்தா?”

“பாத்துக்குவேன்.”

“நீங்க பாத்துக்குவீங்க மச்சான். ஊசி குத்துறது ஒங்களுக்கு இல்லியே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம், “சரி, புள்ளையே வேணாம். நீயும் நானும் மட்டும் இருப்போம்,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பொய்யாக இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். முன்பின் தெரியாத பிள்ளையின் கட்டிலில் குந்திக் கணக்குச் செய்கிற மனிதர் அவர். பத்து வருடம் கழித்து, கோயில் வாசலில் யாருடைய பிள்ளையையாவது தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல மாட்டார். அந்தப் பேசாத முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் குடும்பம் நடத்த முடியாது. எனக்கு இவரை வேண்டும், முழுதாக வேண்டும், மனதில் ஓர் ஓட்டையோடு வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் தனியாகக் கோயிலுக்குப் போய் ஃபாதரைப் பார்த்தேன். “ஓலையில கேட்டீங்களே ஃபாதர், விக்கினம் தெரிஞ்சா சொல்லச் சொல்லி. சொல்ல வந்திருக்கேன்,” என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. மணப்பெண்ணே வந்து தன் ஓலைக்கு விக்கினம் சொல்வதை அவர் எங்கே கண்டார்? விஷயத்தைக் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

“திருச்சபை சொல்ற விக்கினம் இது இல்லம்மா. ஆயரோட அனுமதியும் கெடச்சிருச்சு. நீங்க கட்டிக்கத் தடையில்ல.”

“எனக்குத் தடைதான் ஃபாதர்.”

அவர் என் தலையில் கை வைத்தார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்தி, பூ மாற்ற வந்த பெண்கள் பார்க்க அழுதேன்.

அன்று சாயந்தரமே மச்சானிடம் போனில் சொன்னேன். “யாரைக் கேட்டு செஞ்ச?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அவரைக் கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன், அதுதான் பதில்.

மறுநாள் ஞாயிறு. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் நானா ஒளிந்துகொள்கிற ஆள்? நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய், வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தேன். ஃபாதர் ஓலைகளை வாசித்தார். வேறு ஒரு சோடியின் பெயர் வந்தது. அடுத்து எங்கள் பெயர் வர வேண்டும். அவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, இறுதி ஆசீர்வாதத்துக்கு எழும்பினார். கோயிலில் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. மாமி, மச்சானின் அம்மா, ஆசீர்வாதம் முடியுமுன்னே எழுந்து வெளியே போனார். போகிற போக்கில் என் வாங்கருகே நின்று, “படிச்ச புள்ளயக் கட்டுனா குடும்பம் வெளங்கும்னு இருந்தேன்,” என்றார். எனக்குச் சுருக்கென்று வாயில் ஒரு பதில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

அந்த வருடமும் அந்தப் பாடம் வந்தது. பாடத்துக்கு நம் துக்கம் தெரியாதே. வெட்டியதற்குப் பிறகு நடப்பதை நடத்த வேண்டும். இந்த நொதியம் இரண்டு இழைகளையும் நேருக்கு நேர் வெட்டுவதில்லை, சற்றுத் தள்ளித் தள்ளி வெட்டுகிறது. அதனால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஓர் இழை மட்டும் சில எழுத்துகள் நீட்டிக்கொண்டு நிற்கும். துணையில்லாத அந்த எழுத்துகள் ஒட்டுவதற்குச் சோடி தேடும். ஒட்டு முனை என்று பெயர். பிள்ளைகளின் வரிசையை இரண்டாகப் பிரித்து நிறுத்தியிருந்தேன். ஒரு பெண் பிள்ளை கேட்டாள்.

“பழைய துண்டோடயே திரும்ப ஒட்டாதா மிஸ்?”

“ஒட்டும். அதே நொதியம் வெட்டுன வேற துண்டு கிட்ட இருந்தா, அதோடயும் ஒட்டும். யாரோட துண்டுன்னு முனைக்குத் தெரியாது.”

“பாவம்,” என்றாள் அவள். வகுப்பு சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத ஒன்றுமில்லாமல் தேதியை அழித்து மறுபடி எழுதினேன். என் வகுப்பில் நான் அழுததில்லை, அன்றும் அழவில்லை. ஆனால் கையிலிருந்த சாக்குக்கட்டி உடைந்துவிட்டது.

மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. பஸ் மட்டும் அலுவிகாரையில் நின்று நின்று போகும். கோபம் அவருக்கு என்மேல், எனக்கு இந்த இரத்தத்தின்மேல், மாமிக்கு உலகத்தின்மேல். இப்படியே இரண்டு தபசு காலம் கழிந்தது. அதன் பிறகுதான் வஹகோட்டைப் பக்கத்தில் அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். சொந்தம் இல்லை, தூரத்து உறவுகூட இல்லை. மச்சான் ஒரே நிபந்தனை போட்டாராம், ஓலை வாசிக்குமுன் பெண்ணின் இரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று. அந்தப் பெண்ணோ ஊசி என்றாலே நடுங்குகிறவள், சிங்களமும் தட்டுத்தடுமாறித்தான் பேசுவாள். யாரைத் துணைக்கு அனுப்புவது என்று பேச்சு வந்ததும் மாமி போன் எடுத்தார். ஓலை நின்றதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

“நீ போனா எனக்கு நிம்மதிடி. ஒனக்குத்தான் இதெல்லாம் வெளங்கும்.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். போகிறேன் மாமி என்றுதான் வந்தது.

இரத்தம் கொடுக்கும்போது அவள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். சின்னப் பெண், நல்ல பெண். அவளை வெறுக்க நான் பிரயாசைப்பட்டுப் பார்த்தேன், ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முடிவு சொல்லும் நாளில் மூன்று பேரும் போனோம். மச்சான் அவளுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதே அறை, அதே டாக்டர் அம்மா. என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. அவர் என்னையும் மச்சானையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் பேசினார். அவர் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன்.

“ஒனக்கு ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. ஒங்க புள்ளைங்களுக்கு அந்த நோய் வரும்னு பயப்பட வேணாம்.”

என் வாயால்தான் சொன்னேன். நான் ஒருமுறை கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள் அவை.

வெளியே வராந்தாவில் வந்ததும் அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்து தலை குனிந்து நின்றார். அவளுக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது.

“பாதிப் புள்ளைங்களுக்கு இவருக்கு இருக்கிற மாதிரியே இருக்கலாம்னு சொன்னாங்களே அக்கா, அது கெடுதியா?”

“கெடுதி இல்ல,” என்றேன். “எனக்கும் அதேதான் இருக்கு. என்னையப் பாரு. நல்லாத்தானே இருக்கேன்?”

அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, ஆமா அக்கா என்று சிரித்தாள். மச்சான் நிமிரவே இல்லை.